எறும்பின் இடது கை

அத்தியாயம் 5

"இடது கையால மட்டும் அடி" என்றார் டீச்சர்.

"யாரை?" என்று கேட்டான் ஒட்டடை.

"கீபோர்டை. 'டோக்கன்'னு இங்கிலீஷ்ல அடி, பாப்போம்."

ஒட்டடை வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, இடது கையைக் கீபோர்டின் மேல் நண்டு மாதிரி நடக்கவிட்டான். முதல் எழுத்து விரலடியிலேயே கிடைத்தது. அடுத்த இரண்டுக்கும் வலது கோடிவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ஐந்து எழுத்து முடிவதற்குள் அவனுடைய ஆறடி இரண்டங்குல உடம்பு நாற்காலியில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

"வார்த்தை முடிஞ்சுது டீச்சர். முதுகும் முடிஞ்சுது."

"இப்ப 'சீட்' அடி. உக்கார்ற சீட்டு."

அடித்தான். கை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. 'டேட்', 'ரேட்', 'கார்டு', 'டெஸ்ட்' என்று டீச்சர் சொல்லச் சொல்ல, எல்லாமே கீபோர்டின் இடது பாதியிலேயே முடிந்துபோயின.

டீச்சர் மேஜை மேலிருந்த காகிதக் கட்டைத் தட்டினார். "இந்த மூவாயிரம் வரி கம்ப்யூட்டர் புரோகிராம்ல எழுதின ஆளு தானா வச்ச பேரு நானூத்திச் சொச்சம். அத்தனையும் இடது கைப் பேரு. டோக்கன் மிஷினுக்கு எழுதற ஆளு டோக்கன்ங்கிற வார்த்தையையே தொடல. 'சீட்'டுன்னு வச்சிருக்காரு. ஏன்?"

"வலது கைல டீ கிளாஸ்."

"மூணு வருஷமாவா?"

"நல்ல டீயா இருந்திருக்கும்."

இருபது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தவர் டீச்சர். காணாமல் போன எக்ஸைக் கண்டுபிடிப்பதுதான் அன்றைக்கும் தொழில், இன்றைக்கும் தொழில் என்பார். பன்னிரண்டு வருடம் டாக்ஸி ஓட்டிய ஒட்டடை அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. வண்டி ஓட்டுவதும், டீச்சர் கேட்கிற கேள்விக்கெல்லாம் தப்பான பதிலை முதலில் சொல்லி வழியைச் சுத்தம் செய்வதும் அவன் வேலை.

இந்தத் தடவை காணாமல் போன எக்ஸின் பெயர் எறும்பு.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஒருவருக்கு மார்புவரை தாடி. மற்றவர் ஏதோ சங்கத்துக்குச் செயலாளர். பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே பதவியைச் சொல்லிவிட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன் தாடிக்காரர் 'வரிசை' என்று ஒரு கட்டற்ற மென்பொருளை ஆரம்பித்திருக்கிறார். மருத்துவமனை, நூலகம், வங்கி என்று எங்கெல்லாம் மனிதர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் அடுத்தது யார் என்று கூப்பிடுவது அதுதான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்குக் கொடுக்கலாம். முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர் சம்பளமில்லாமல் உழைத்து அதை வளர்த்தார்கள். வளர்ந்த பிறகுதான் வினை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பாதிப் பேர் செயலாளரோடு பிரிந்துபோய், அதே மென்பொருளை அதே பெயரில் தனியாக நடத்த ஆரம்பித்தார்கள். நன்றிப் பக்கத்தில் யார் பெயர் முதலில் வருவது என்று ஒரு சண்டை. 'வரிசை' என்ற பெயரே யாருக்குச் சொந்தம் என்று அதைவிடப் பெரிய சண்டை.

"ஃப்ரீ சாஃப்ட்வேர்னா இலவசம்தானே சார்?" என்று ஒட்டடை கேட்டான்.

"இலவசமில்ல, சுதந்திரம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

மென்பொருளின் உயிர்நாடியான பகுதியை, அதாவது அடுத்தது யார் என்று முடிவு செய்கிற பகுதியை, 'எறும்பு' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார். ஆளை யாரும் பார்த்ததில்லை. இரு தரப்புக்கும் யாரென்றே தெரியாத பொது ஆள் என்பதால், எறும்பு தன் சொந்த மெயிலிலிருந்து எந்தப் பக்கம் என்கிறாரோ அந்தப் பக்கத்துக்கே பெயர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆனால் ஏழு மாதமாக எறும்பிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள அவன் கிடைக்கலன்னா, அவன் எழுதின பகுதியைத் தூக்கிட்டு ரெண்டு பக்கமும் புதுசா எழுதிக்குவோம்" என்றார் செயலாளர். "பேரையும் எடுத்துருவோம்."

"மூணு வருஷம் உழைச்சவர் பேரையா?"

"எறும்புங்கறதெல்லாம் ஒரு பேரா மேடம்?"

தாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது செவ்வாய். இன்றைக்கு வெள்ளி. டீச்சர் காகிதக் கட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்ததைப் படித்தார்.

"எழுதினதெல்லாம் திங்கள், புதன், வெள்ளி. காலையில ஒன்பதுலேர்ந்து ஒரு மணிவரைக்கும். ஒரே ஒரு நாளைத் தவிர, மத்த நேரத்துல ஒரு புள்ளிகூட வைக்கல."

ஒட்டடை வாயைத் திறந்தான். வேடிக்கையாக ஒன்று நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டான். டாக்ஸி ஓட்டிய காலத்தில் அவனுக்கு ஒரு நிரந்தரச் சவாரி இருந்தது. திங்கள், புதன், வெள்ளி. எட்டரைக்குக் கொண்டுபோய் விட்டு, ஒன்றரைக்குக் கூட்டிவர வேண்டும். திரும்பும்போது அந்தப் பெரியவர் பின்சீட்டில் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பார்.

"டயாலிசிஸ்" என்றான். "ஒரு கைல ஊசி குத்தி ரத்தத்தை மிஷினுக்கு அனுப்புவாங்க டீச்சர். நாலு மணி நேரம் அந்தக் கைய அசைக்கவே கூடாது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஒருவரைப் பாராட்டுவது அப்படித்தான்.

"சரி, எந்த ஊர் டயாலிசிஸ்? உலகம் பூரா கீபோர்டு இருக்கே" என்றான் ஒட்டடை.

"மூணு வருஷத்துல ஒரே ஒரு வியாழக்கிழமை வேலை நடந்திருக்கு. முந்தின நாள் புதன்ல ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாசம், பதினேழாம் தேதி அந்தப் புதன். அன்னிக்கு நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"நேத்து என்ன பண்ணேன்னே சந்தேகமா இருக்கு."

"பதினாலு பக்கெட் தண்ணிய இந்த மாடிக்குத் தூக்கிட்டு வந்த. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டற."

ஒட்டடைக்குத் தோள்பட்டை முதலில் ஞாபகப்படுத்தியது, அப்புறம்தான் மூளை. ஊரின் கிழக்குப் பகுதிக்கு வரும் பெரிய குழாய் வெடித்து ஒரு பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன நாள். தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் மிஷின் ஓடாது. புதன்கிழமை நோயாளிகளை வியாழனுக்குத் தள்ளியிருப்பார்கள். கிழக்கில் டயாலிசிஸ் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான்.

"வண்டிய எடு" என்றார் டீச்சர்.

பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு மிஷின்கள். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, சிவப்புக் குழாய்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒருவர் தூங்கினார், ஒருவர் விட்டத்தைப் பார்த்தார். எல்லாருடைய இடது கையும் போர்வைக்கு வெளியே பலகை மேல் அசையாமல் கிடந்தது.

தலைமை நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். டீச்சர் ஒரே மூச்சில் கேட்டார். "இதே ஷிஃப்ட் சிஸ்டர். வலது கைல ஊசி போட்டுக்கிட்டு, இடது கையால கம்ப்யூட்டர் அடிச்சவர். ஏழு மாசமா அடிக்கல."

"எல்லாருக்கும் பழக்கமில்லாத கைலதான் ஊசி போடுவோம். இடது கைப் பழக்கம் இருக்கறவங்களுக்கு மட்டும் வலதுல. இந்த ஷிஃப்ட்ல அப்படி ஒருத்தர்தான் இருந்தாங்க." நர்ஸின் பார்வை எட்டாம் நாற்காலிக்குப் போய்த் திரும்பியது. அதில் இப்போது வேறு யாரோ இருந்தார். "அந்தம்மாவையா கேக்கறீங்க?"

"அம்மாவா?" என்றான் ஒட்டடை.

"பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் கவுண்டர்ல இருபத்திரெண்டு வருஷம் இருந்தாங்க. எங்க டோக்கன் மிஷின் ரெண்டு பேரை ஒரே நேரத்துல கூப்பிட்டு அடிதடி ஆகும். இத யாரு திருத்தறதுன்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர் பாக்க வந்த ஆளு, 'ஃப்ரீ சாஃப்ட்வேர்தாம்மா, நீங்களே திருத்தலாம்'னு கிண்டலாச் சொன்னாரு. அந்தம்மா அத நெசம்னு எடுத்துக்கிட்டு, புஸ்தகம் வாங்கிட்டு வந்து அந்தச் சேர்லயே படிச்சாங்க."

அந்தக் கட்டுக் காகிதத்தில் ஒட்டடைக்குப் புரிந்தது ஒரே ஒரு குறிப்புதான். 'வரிசையில் முதலில் பொறுமை இழப்பவர் கடைசியில் நிற்பவர் அல்ல. தனக்கு முன்னால் இரண்டே பேர் இருப்பவர்.' கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

"இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டான்.

"போய்ட்டாங்க. ஆறு மாசமாகப் போகுது. ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்லயே." நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "கடைசி அஞ்சு வாரம் கம்ப்யூட்டர் கொண்டுவரல. சுவரையே பார்த்துட்டுக் கிடப்பாங்க. கேட்டா, 'வீட்ல எடுத்து வச்சுட்டாங்க சிஸ்டர்'னாங்க. அட்ரஸ் குடுக்க எனக்கு அனுமதி இல்ல. ஆனா எங்க ஃபேனுக்கெல்லாம் காயில் கட்டித் தர்றது அவங்க வீட்டுக்காரர்தான். பின்தெருவுல கடை. நீங்க ஃபேன் ரிப்பேருக்கு வழி கேட்டதா வச்சுக்கறேன்."

கடை ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அகலம். வார்னிஷ் வாசனை. சுவரெல்லாம் இறக்கை பிடுங்கிய மின்விசிறிகள். நடுவில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஃபேனா, மிக்ஸியா?"

"உங்க வீட்டம்மாவோட கம்ப்யூட்டரைப் பத்திக் கேக்கணும்" என்றார் டீச்சர்.

எண்ணிக்கை நின்றது. அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்ட மாதிரி ஒரு களைப்பு.

"அந்தாளோட சம்சாரம் அனுப்பிச்சாங்களா?"

"எந்தாளு?"

"அவ எழுதிக்கிட்டிருந்தாளே, அந்தாளு." நாற்காலியை ஒட்டடையின் பக்கம் தள்ளினார். "உக்காருங்க தம்பி. நானும் யார்கிட்டயாவது சொல்லணும். வீட்ல என்கிட்ட நாலு வார்த்தை பேச அவளுக்குத் தெம்பிருக்காது. அங்க போனா நாலு மணி நேரம் டைப் அடிப்பா. சிரிச்சுக்குவா. ஒருநாள் கூட்டிட்டு வரப் போனேன். அசந்து தூங்கிட்டிருந்தா. மடியில தெறந்து கெடந்துச்சு. எவனோ எழுதியிருந்தான், 'எறும்பே, நீ இல்லாட்டி நாங்க செத்தோம்'னு."

ஒட்டடை டீச்சரைப் பார்த்தான். டீச்சரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னன்னு கேட்டேன். வேலைன்னா. என்ன வேலை, சம்பளம் எங்கன்னேன். சம்பளம் இல்லாத வேலைன்னா. யாருக்குன்னேன். எல்லாருக்கும்ன்னா." அவர் கையை விரித்தார். "யாராவது நம்புவாங்களாம்மா? முகம் தெரியாத ஊருக்கு எவன் சும்மா உழைப்பான்? ஒரு வாரம் ஓயாத சண்டை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரைப் பிடுங்கிட்டேன். அப்புறம் நான் பேசல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன், வருவேன். பேசல. அஞ்சு வாரம்."

"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"கழட்டிப் போட்டுட்டேன். பழைய சாமான்காரன்கிட்ட."

டீச்சர் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தார். ஒட்டடை அவருடைய முழங்கையைத் தொட்டான். "வேண்டாம் டீச்சர்" என்றான் மெதுவாக. "ஃபேன் ரிப்பேர்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

"கேட்டவருக்குப் பதில் சொல்லணும்" என்றார் டீச்சர். சொன்னார். டோக்கன் மிஷின், எறும்பு, மூவாயிரம் வரி, இடது கை எல்லாவற்றையும், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வது போல நிதானமாக, ஒன்றையும் கூட்டாமல் சொன்னார். கட்டின் கடைசிப் பக்கத்திலும் இருந்த அந்த 'செத்தோம்' வரியை எழுதியது தாடி வைத்த ஒரு மனிதர், அவருக்கு எறும்பு ஆணா பெண்ணா என்பதே தெரியாது என்பதையும் சேர்த்து.

கடைக்காரர் காகிதங்களைக் கையில் வாங்கிக்கொண்டார். மேல் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். அது அவருக்குப் புரியாத இங்கிலீஷ்.

"அப்ப அவ நெசத்தத்தான் சொல்லிருக்கா" என்றார்.

காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுல அவ பேரு எங்கம்மா இருக்கு?"

"இன்னும் போடல."

"போடுவாங்களா?"

"போடுவாங்கண்ணே" என்றான் ஒட்டடை, டீச்சர் வாயைத் திறப்பதற்குள். "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம். நீங்களும் வாங்க. உங்க கண்ணு முன்னாடியே போட வைக்கறோம்."

கூட்டம் ஒரு டுடோரியல் வகுப்பறையில் நடந்தது. பெஞ்சுகளுக்கு நடுவில் இருந்த வழி, இரண்டு தரப்புக்கும் எல்லைக்கோடாகிவிட்டது. இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்த காயில் கடைக்காரரை யாரும் கவனிக்கவில்லை.

டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் பேசினார். "அந்த நோயாளி... அவர்... எட்டாம் நாற்காலியில் இருந்தவர்..." முடித்தபோது சபை கொஞ்சம் அசந்துதான் போயிருந்தது.

செயலாளர் முதலில் சுதாரித்துக்கொண்டார். "கேக்க நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா கெட்டிக்காரத்தனம் ஆதாரமாகாது. எறும்பு அவனோட சொந்த மெயில்லேர்ந்து சொல்லணும்னுதான் ஒப்பந்தம். கம்ப்யூட்டர் இல்ல, ஆளும் இல்ல. நாளைக்கு எவன் வேணாலும் நான்தான் எறும்புக்குச் சொந்தக்காரன்னு வருவான்."

"அதெல்லாம் விடுங்க சார்" என்றார் தாடிக்காரர், தலையைக் குனிந்தபடி. "அப்பேர்ப்பட்ட உடம்ப வச்சுக்கிட்டு அந்தம்மா இவ்வளவு எழுதினதே பெரிசு."

"எந்தம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

தாடிக்காரர் நிமிர்ந்தார்.

"அரை மணி நேரமா நான் 'அவர்'னுதான் சொல்றேன். எண்ணி எண்ணிச் சொன்னேன். செயலாளர் இப்பகூட 'அவன்'ங்கறார். உங்களுக்கு மட்டும் அம்மான்னு எப்படித் தெரியும்?"

மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது. தாடிக்காரர் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை மெயில் வந்துச்சு. தன் பேரு, தான் யாரு, எல்லாத்தையும் எழுதியிருந்தாங்க. 'நன்றிப் பக்கத்துல எறும்புக்குப் பதிலா என் சொந்தப் பேரைப் போடுங்க. என் வீட்டுக்காரர்கிட்ட காட்டணும், நான் சொன்னா அவர் நம்பல'ன்னு."

"போட்டீங்களா?"

"பேர்ச் சண்டை உச்சத்துல இருந்த நேரம் மேடம். நன்றிப் பக்கத்துல ஒரு எழுத்த மாத்தினாலும் இவங்க வக்கீல் நோட்டீஸ் விடுவாங்க. சண்டை முடியட்டும், அப்புறம் போடறேன்னு பதில் எழுதினேன்."

"அந்த மெயில் வேணும்."

"அழிச்சுட்டேன். எறும்பு யாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிட்டா, ஒப்பந்தமே போயிடுமேன்னு..."

"கேட்டீங்களா!" செயலாளர் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார். "ஒப்பந்தத்த மீறினது அவங்க! பேரு எங்களுக்குத்தான்!" இந்தப் பக்கம் பத்துப் பேரும் எழுந்தார்கள், அந்தப் பக்கம் பத்துப் பேரும் எழுந்தார்கள். அறை முழுக்கப் பெயர், பெயர், பெயர் என்று ஒரே கூச்சல்.

அதற்கு நடுவில் கடைக்காரர் எழுந்து நடைவழியில் வந்ததை ஒட்டடை மட்டும்தான் பார்த்தான். தடுக்கக் கை நீட்டினான். எட்டவில்லை.

"நான்தாங்க அவ வீட்டுக்காரன்" என்றார் தாடிக்காரரிடம்.

கூச்சல் வரிசை வரிசையாக அடங்கியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரு பேரைப் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

தாடிக்காரர் தரையைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம்."

கடைக்காரர் தலையாட்டினார். சுற்று எண்ணுகிறவர் போல விரலை மடக்கினார். "புதன்கிழமை கேட்டிருக்கா. நான் பிடுங்கினது அதே வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

தாடிக்காரர் அவசரமாக லேப்டாப்பைத் திறந்தார். "இப்பவே போட்டுடறேங்க. இங்கயே, எல்லார் முன்னாடியும். நோட்டீஸ் வந்தா வரட்டும். அவங்க பேரு..." நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். "பேரு எனக்கு மறந்துபோச்சுங்க. சொல்லுங்க."

கடைக்காரர் அந்தத் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பெயர்கள். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் இன்னின்னது செய்தார் என்று ஒரு வரி. ஒட்டடை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்: சொல்லுங்கண்ணே, சொல்லிடுங்க.

"அவ ஊருக்காகக் கேக்கல சார்" என்றார் அவர். "எனக்குக் காட்டறதுக்குத்தான் கேட்டா. இனிமே எதுக்கு?"

திரும்பி நடந்தார். ஒட்டடை பின்னாலேயே ஓடி, படிக்கட்டில் அவரைப் பிடித்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தான்.

"அண்ணே, நான் நேத்து வாக்குக் குடுத்தது..."

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க தம்பி." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். "ஆஸ்பத்திரி ஃபேன் மூணு கெடக்கு. திங்கக்கிழமை குடுக்கணும். வரேன்."

மேலே செயலாளர் தொண்டையைச் செருமுவது கேட்டது. "சரி, தீர்மானத்துக்கு வருவோம்."

எறும்பு எழுதிய மூவாயிரம் வரிகளையும் இரண்டு தரப்பும் அந்த மாதமே எடுத்துவிட்டன. பெயர் யாருக்கு என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.